கம்ப்ரெசர் அறையில் ஆறு வருஷம்

அந்தப் பல் கிளினிக்கில் எல்லோருக்கும் அவள் குழாய் அக்காதான். டாக்டரம்மா பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று, நோயாளியின் வாயில் தேங்கும் எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சுகுழாயால் இழுத்துக்கொண்டே இருப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதே வேலை. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு நோயாளிகளே, "குழாய் அக்கா இருக்காங்களா? அவங்க இருந்தாதான் எனக்குத் தொண்டைக்குள்ள தண்ணி இறங்காது" என்று விசாரித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

அந்தப் பேட்டையில் பாதிப் பேரை முகத்தைவிட வாயை வைத்துத்தான் அவளுக்கு அடையாளம் தெரியும். பஸ்ஸில் எதிர் சீட்டில் யாராவது கொட்டாவி விட்டால், 'அட, கீழ்க் கடைவாயில் வெள்ளி அடைத்தவர்' என்று நினைத்துக்கொண்டு லேசாகச் சிரிப்பாள். அவர்களுக்கு அவளைத் தெரியாது. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்களைத்தானே அவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வாய்க்குள் படம் எடுக்கும் கேமரா ஒன்றை விற்க ஒரு ஆள் வந்திருந்தார். பேனா மாதிரி மெல்லிசான கருவி. அதன் நுனி எதைப் பார்க்கிறதோ அது சுவரில் இருக்கும் டிவியில் பெரிதாகத் தெரியும். குழந்தைகள் அழாமல் இருக்கக் கார்ட்டூன் போட்டுக் காட்டும் டிவி அது.

"யாராவது ஒருத்தர் உக்காந்தா காட்டிடலாம் மேடம்" என்றார் விற்பனைக்காரர்.

வரவேற்புப் பெண் நழுவப் பார்த்தாள். "எனக்குப் பல்லு மஞ்சளா இருக்கும், மானம் போயிடும். அக்கா, நீங்க உக்காருங்க."

குழாய் அக்கா சிரித்துக்கொண்டே நாற்காலியில் ஏறிப் படுத்தாள். பதினாறு வருஷத்தில் அந்த நாற்காலியை ஆயிரம் தடவை துடைத்திருக்கிறாள், படுத்ததில்லை. விளக்கு இவ்வளவு கண்ணைக் கூசவைக்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிவியில் அவளுடைய முன்பற்கள் கதவு மாதிரி வந்து நின்றன. "பாத்தீங்களா மேடம், ஒரு மயிரிழை விரிசல் கூடத் தப்பாது" என்று விற்பனைக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொண்டே கேமராவை உள்ளே நகர்த்தினார். கடைவாய்ப் பற்கள், கன்னத்தின் உட்புறம், ஈறு. வரவேற்புப் பெண், "அக்கா, உங்க வாய்க்குள்ள ஒரு ஊரே இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். விற்பனைக்காரர் நாக்கைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னார். ஒதுக்கினாள்.

சிரிப்பு நின்றது.

நாக்கின் இடது ஓரத்தில், பின்பக்கமாக, ஒரு வெள்ளைத் திட்டு. நடுவில் ஒரு இடம் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. டிவியில் அது உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. விற்பனைக்காரர் எதையோ தெரியாமல் உடைத்துவிட்டவர் மாதிரி கேமராவை மெதுவாக வெளியே எடுத்தார்.

டாக்டரம்மா எழுந்து வந்தாள். கையுறையை மாட்டினாள். பஞ்சுத்துணியால் நாக்கின் நுனியைப் பிடித்து வெளியே இழுத்து, விரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். பிறகு தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் தடவினாள். இந்த வரிசை குழாய் அக்காவுக்கு மனப்பாடம். மற்றவர்களுக்கு இது நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அடுத்து என்ன வசனம் வரும் என்பதும் தெரியும்.

"ஒண்ணுமில்ல. எதுக்கும் ஒரு தடவ பாத்துடலாம்" என்றாள் டாக்டரம்மா.

ஒன்றுமே இல்லாதவர்களிடம் டாக்டரம்மா இதைச் சொல்லி அவள் கேட்டதேயில்லை. 

"எத்தன நாளா இருக்கும்மா?"

"தெரியலயே மேடம். காரம் பட்டா சுள்ளுனு இருக்கும். பல்லு உரசுதுன்னு நெனச்சேன்."

"சிகரெட் கிகரெட்?"

"ஐயோ, என்ன மேடம்!"

"பாக்கு, புகையிலை?"

"தொட்டதே இல்ல."

வரவேற்புப் பெண் நோயாளிகளுக்கான படிவத்தில் எழுதிக்கொண்டாள்: இல்லை, இல்லை. படிவம் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் குழாய் அக்கா உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். அவளிடம் இருந்த ஒன்றை அந்தப் படிவம் கேட்கவில்லை.

அது வீட்டுக்குள் வந்த விதம் இப்படி. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷம் சிகரெட் ஊதித் தள்ளியவர். கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த வாய்ப் புற்றுநோய்ப் படங்களை வாரம் ஒருமுறை துடைக்கிறவள் அவள். அதனால் வீட்டில் அவருக்கு நிம்மதியே கிடையாது. சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதுகூட அந்தப் படங்களைப் பற்றிப் பேசுவாள். கடைசியில் மனுஷன் தாங்காமல், யாரோ சொன்னார்கள் என்று, பஸ் நிலையத்துப் பக்கம் செல்போன் உறை விற்கும் கடையில் ஒரு மின் சிகரெட் வாங்கிவந்தார். 'கரண்ட் சிகரெட்' என்று அதற்கு அவரே பெயர் வைத்தார். ஏழெட்டு மாதம் அதை இழுத்தார். ஒருநாள் அதையும் நிறுத்திவிட்டார். "விட்டாச்சு. இனிமே சாப்பிடும்போதாவது வாய மூடு" என்றார். அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போல அவளுக்கு இருந்தது.

கருவி அலமாரியிலேயே கிடந்தது. ஒரு மத்தியானம் துணி மடித்து வைக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பச்சை ஆப்பிள் வாசனை. வீட்டில் யாரும் இல்லை. என்னதான் இருக்கிறது இதில் என்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். இருமல் வந்தது. மறுநாள் வரவில்லை.

அப்புறம் அது கிளினிக்குக்கே வந்துவிட்டது. பின்கட்டில் காற்றழுத்தும் கம்ப்ரெசர் ஓடும் சின்ன அறை. அதன் இரைச்சலில் வெளியே எதுவும் கேட்காது. கையுறைப் பெட்டிகளுக்குப் பின்னால் கருவியை வைத்திருந்தாள். நாளெல்லாம் நின்று இடுப்பு விட்டுப்போகும்போது, ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் வருவதற்குள் இரண்டு இழுப்பு. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு திரும்பினால் யாருக்கும் தெரியாது. சிகரெட் பிடிக்கிறோம் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. புகை இல்லை, சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை. வெறும் ஆவி. சுவரில் இருந்த படங்களுக்குக் கீழே எழுதியிருந்த பட்டியலிலும் அது இல்லை. திரவம் தீரும்போதெல்லாம் அதே பஸ் நிலையக் கடையில் ஒரு குப்பி வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவாள். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

வியாழக்கிழமை டாக்டரம்மா அந்தத் திட்டிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதாக இருந்தது. துணுக்கைப் போடும் சின்ன பாட்டிலை எடுத்து வைப்பது எப்போதும் குழாய் அக்காவின் வேலை. அன்றைக்கும் அவளேதான் எடுத்து வைத்தாள். லேபிளில் பெயர் எழுதும்போது கை நின்றது. அப்போதுதான் வாய் திறந்தாள்.

"மேடம், நான் ஒண்ணு மறைச்சிட்டேன்."

கேட்டு முடித்ததும் டாக்டரம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். "நீயா? என் கிளினிக்லயா? கம்ப்ரெசர் ரூம்லயா?" மூன்று கேள்வியையும் மூன்று தொனியில் கேட்டாள். "நான் அந்த ஆப்பிள் வாசனைய ரூம் ஃப்ரெஷ்னர்னு நெனச்சிட்டு, நல்லா இருக்கே, எங்க வாங்கினேன்னு உங்கிட்டயே கேட்டிருக்கேன்டி!"

சிரிப்பு வர வேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை.

"அதனாலதானா மேடம் இது?"

டாக்டரம்மா முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "சொல்ல முடியாதும்மா. சிகரெட்டைப் பத்திச் சொல்ல முடியும். அதுக்கு எத்தனையோ வருஷத்து ஆதாரம் இருக்கு. இது நேத்து வந்த சாமான். இந்த வியாதி உள்ளயே பல வருஷம் ஊறித்தான் வெளிய தெரியும். இத மட்டும் இழுத்தவங்கள அவ்வளவு காலம் தொடர்ந்து பாத்த ஆராய்ச்சி இன்னும் போதுமான அளவு இல்ல. வாய்த் தோலோட செல்லுல சேதம் தெரியுதுன்னு சிலர் கண்டுபிடிச்சிருக்காங்க. அது புத்துநோய் வரைக்கும் போகுமான்னு உறுதியாத் தெரியாது. போகாதுன்னும் யாரும் உறுதியாச் சொல்ல முடியாது. ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவங்களுக்கும் நாக்குல இது வருது. அதையும் சேத்துக்கோ."

"வெறும் ஆவிதானே மேடம்?"

டாக்டரம்மா பாட்டிலை எடுத்துக் காட்டினாள். அதில் இருந்தது ஃபார்மலின். "இதுல கரைஞ்சிருக்கிறது ஃபார்மால்டிஹைடு. நீ இழுத்த கருவி அதோட திரவத்தச் சூடு பண்றப்போ ஆவியில அதுவும் கொஞ்சம் உண்டாகுது. சிகரெட் புகையில இருக்கிறதவிடக் கம்மிதான், இல்லேங்கல. உன் வீட்டுக்காரருக்கு அது ஒரு படி இறக்கம். ஒண்ணுமே பிடிக்காத உனக்கு அது ஏத்தம் இல்லையா?"

பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் அந்த நெடிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள். அதில் ஒரு துளியை ஆசையாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தோமா என்று நினைத்தாள். அன்றைக்கே திரவக் குப்பியைக் குப்பையில் போட்டாள். இனி தொடமாட்டேன் என்று டாக்டரம்மாவுக்கு வாக்கும் கொடுத்தாள். துணுக்கு எடுத்த காயத்துக்கு, வீட்டில் பல் பிடுங்கியது என்று சொல்லிவிட்டாள்.

ஒன்பது நாள் கழித்து, சோதனைச் சாலையிலிருந்து அறிக்கை வந்தது. வழக்கம்போல வரவேற்புப் பெண் பார்க்காமலே அச்சடித்துவிட்டாள். வழக்கம்போலத் தாளை எடுக்கப்போனது குழாய் அக்கா. தன் பெயரைப் பார்த்தாள். கீழே கடைசி வரியைப் பார்த்தாள். அந்த வார்த்தைகளுக்கு அவளுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்ப நிலைப் புற்றுநோய்.

உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். "அம்மா, வாம்மா" என்று டாக்டரம்மா கூப்பிட்டாள். அவள் தாளை நாலாக மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அரைமணி நேரம் குழாயைப் பிடித்தாள். பெரியவர் தொண்டைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. காதில் மட்டும் எதுவும் விழவில்லை. கிணற்றுக்குள் நிற்பது மாதிரி இருந்தது.

வேலை முடிந்ததும் அவள் டாக்டரம்மாவிடம் போகவில்லை. கால் நேராகக் கம்ப்ரெசர் அறைக்குப் போயிற்று. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் கை போயிற்று. கருவியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பையில் அந்தத் தாள் இருக்க, இரண்டு இழுப்பு இழுத்தாள்.

இழுத்து முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. டிவியில் திட்டைப் பார்த்தபோது வராத நடுக்கம், அறிக்கையைப் படித்தபோது வராத நடுக்கம், அப்போது வந்தது. உடம்பு தன்னுடையது இல்லை, வேறு யாரோ ஓட்டுகிறார்கள் என்பது போல. கருவியைக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் கையில் வைத்தாள். தாளையும் வைத்தாள். "இப்பகூட இழுத்துட்டு வர்றேன் மேடம்" என்று சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்து, அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சை டாக்டருக்குப் போன் செய்தாள்.

மறுநாள் வீட்டுக்காரருக்கு வாராந்திர விடுமுறை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய், ஒன்று விடாமல் சொன்னாள். முதலில் அவர் விளையாட்டு என்று நினைத்தார்.

"நீயா? என்னைய அந்தப் பாடு படுத்தின நீயா?"

"நான்தான்."

"நான் அத அலமாரியிலதானே போட்டேன்."

"அங்கேருந்துதான் எடுத்தேன்."

கையில் இருந்த ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது. திடீரென்று சட்டையைப் போட்டுவிட்டு, அவளுக்கு எதிரே வந்து வாயை ஆவென்று திறந்தார். "பாரு. என் வாயப் பாரு. பதினெட்டு வருஷம் ஊதினவன் நான். எனக்கு இருக்கான்னு பாரு!"

அவள் செல்போன் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். நாக்கை இப்படியும் அப்படியும் ஒதுக்கி, கன்னத்தை விரித்து, பழக்கப்பட்ட கையால் மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். கறை இருந்தது. திட்டு எதுவும் இல்லை.

"சுத்தமா இருக்குங்க."

அது அவருக்கு நல்ல செய்தியாகப் படவில்லை. "எனக்கு வர வேண்டியது" என்று தரையில் உட்கார்ந்தார். "நான்தானே வீட்டுக்குள்ள கொண்டாந்தேன்."

"உங்கள விடச் சொன்னது நான்தான். விட்டீங்க. அதுல என்ன தப்பு?" என்றாள். சொல்லும்போதே, இந்தக் கணக்கை யார் எப்படிப் போட்டாலும் விடை வராது என்று அவளுக்குத் தோன்றியது.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகளிடம் எப்படிச் சொல்வது என்று இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். கேட்டுக்கொண்டே வந்த மகள், பாதியிலேயே முகம் வெளுத்துப்போனாள்.

"எனக்குத் தெரியும்மா."

"என்னது தெரியும்?"

"நீ இழுக்கிறது. ரெண்டு வருஷமாத் தெரியும். உன் கைப்பையில பாத்தேன். எந்நேரமும் வேல வேலன்னு இருக்கியே, உனக்குன்னு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அதுல ஒண்ணும் இல்லன்னுதான் காலேஜ்ல எல்லாரும் சொல்றாங்க."

 குழாய் அக்காவுக்குக் கேட்க வேண்டியதைக் கேட்கப் பயமாக இருந்தது. அப்பாதான் கேட்டார். "நீ?"

"ரெண்டு தடவ. இருமி இருமிக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்புறம் தொடல. சத்தியமாப்பா."

இருமல் மறுநாள் வரவில்லை என்பதால்தான் தனக்கு ஆறு வருஷம் ஓடியது என்று தாய் நினைத்துக்கொண்டாள்.  மகளின் தாடையைப் பிடித்து, "வாயத் திற" என்றாள்.

அறுவைச் சிகிச்சையில் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் நெறிகட்டும் நிணநீர் முடிச்சுகள் சிலவற்றையும் எடுத்துச் சோதித்தார்கள், அங்கே பரவியிருக்கவில்லை. கண் விழித்தபோது மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பார்க்க வந்த வரவேற்புப் பெண் அழாமல் இருக்க என்னென்னவோ பேசினாள். "குழாய் அக்காவுக்கே குழாயா?" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். குழாய் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது.

ஏழாம் நாள் மூக்குக் குழாயை எடுத்தார்கள். பேச்சு வந்தது, கொழகொழவென்று. மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. 'ழ' மட்டும் வருவேனா என்றது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் தினம் இருபது தடவை 'மழை, வாழை, ஏழு' சொல்லச் சொன்னாள். 'மயை' என்றுதான் வந்தது. மகள் சமாதானம் சொன்னாள்: "விடும்மா. நாக்கு முழுசா இருக்கிறவங்களுக்கே பாதிப் பேருக்கு அது வரல. யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அவள் இல்லாத நாட்களில் டாக்டரம்மா நோயாளிகளின் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்திருந்தாள்: மின் சிகரெட் பழக்கம் உண்டா? எத்தனை வருஷமாக? அந்த மூன்று மாதத்துப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்த குழாய் அக்கா, 'உண்டு' என்று எழுதியவற்றைத் தனியாக எடுத்து வைத்தபோது திகைத்துப்போனாள். பாட்டு டீச்சர். மருந்துக் கடைக்காரர். ஒரு உடற்பயிற்சிக்கூடத்துப் பயிற்சியாளர். இரண்டு குழந்தைகளைக் கூட்டிவரும் அந்த அமைதியான தாய். பதினாறு வருஷமாக இந்த வாய்களுக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவர்களும் மாஸ்க்குக்கு மேலே இருந்த அவள் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவர்கள் எல்லோருக்கும் தனக்கு வந்தது வரும் என்று அவள் சொல்வதில்லை. அவளுக்கே அது தெரியாது. "நாக்கோட ஓரத்தையும் பாத்துடலாமா?" என்று மட்டும் கேட்பாள். டாக்டரம்மா பார்ப்பாள்.

ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது அறுவைச் சிகிச்சை டாக்டர் நாக்கை இழுத்துப் பார்த்து, கழுத்தைத் தடவி, "சுத்தமா இருக்கும்மா. அடுத்து மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

ஒவ்வொரு தடவையும் கேட்பதை அவள் அன்றைக்கும் கேட்டாள். "அது இல்லாம இருந்திருந்தா எனக்கு வந்திருக்காதா டாக்டர்?"

"யாருக்கும் தெரியாதும்மா. எனக்கும் தெரியாது."

வெளியே வந்தாள். வீட்டுக்காரர் மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்று, ஆஸ்பத்திரி லிஃப்ட் இறங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "இதுக்கு எண்ணெ போடல" என்றார் அவளைப் பார்த்ததும். பிறகுதான் ஞாபகம் வந்தவர் போல, "என்ன சொன்னார்?" என்றார். 

"ஒண்ணும் இல்லையாம்."

"நெசமாவே ஒண்ணும் இல்லையா, இல்ல உங்க டாக்டரம்மா சொல்ற ஒண்ணும் இல்லையா?"

அவள் நின்று அவரைப் பார்த்தாள். "நெசமாவே" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லிஃப்ட்டை நம்பாமல் இருவரும் படியிறங்கிப் போனார்கள்.